சிவப்புத்தாள் இல்லாத கதவு

சந்து முனையிலேயே பெட்டியை நிறுத்திவிட்டாள் நிங்யா.

இங்கிருந்து வீடு தெரியாது. ஷென் அத்தையின் டோஃபு கடையைத் தாண்டி, கால்வாய்ப் பக்கம் திரும்பினால்தான் கதவு கண்ணில் படும்.

திரும்பினால் தெரிந்துவிடும். அதுதான் பயமாக இருந்தது.

நாளை சீன வருடப் பிறப்பு. இன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டு வாசலிலும் சிவப்புத்தாள் ஏறியிருக்கும். நிலையின் இரு பக்கமும் நீளமாய் ஒவ்வொன்று, மேலே குறுக்காக ஒன்று, கறுப்பு மையில் வாழ்த்து வரிகள்.

அந்த வருடம் சாவு கண்ட வீட்டில் மட்டும் ஒட்டமாட்டார்கள்.

இலையுதிர் காலத்திலிருந்து அவள் அப்பாவின் குரலைக் கேட்கவில்லை. போன் செய்யும்போதெல்லாம் அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. தூங்குகிறார். சீட்டாடப் போயிருக்கிறார். தொண்டை கட்டியிருக்கிறது. முகம் பார்த்துப் பேசலாம் என்றால், அம்மாவின் போனில் கேமரா போய்விட்டதாம்.

"நீ உன் கண்காட்சி வேலையப் பாருடி. இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

கல்லூரி நுழைவுத் தேர்வின்போதும் அம்மா இதையேதான் சொன்னாள். கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த பிறகுதான், பெரியப்பாவின் அடக்கமே முடிந்துவிட்டது என்று நிங்யாவுக்குத் தெரிந்தது. கையில் பெரிய காரியம் வைத்திருக்கும் பிள்ளையின் காதில் இந்த ஊரில் யாரும் கெட்ட செய்தியைப் போடமாட்டார்கள். அவ்வளவு பாசம்.

அந்தப் பாசம்தான் இப்போது அவளைப் பயமுறுத்தியது.

தொலைவில், சியான் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் அவளுக்கு வேலை. எலும்பில் கீறிய ஆதி எழுத்தில் தொடங்கி, கடைசி அறையில் திரையில் தானாக அசையும் எழுத்து வரைக்கும் ஒரு பெரிய கண்காட்சி. வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டுவது அவள்தான். "எழுத்தைப் பாருங்கள், எழுதியவர் தெரிவார்" என்று ஒவ்வொரு கூட்டத்திடமும் சொல்வாள்.

அது அப்பாவின் வாக்கியம். பேருந்துப் பணிமனையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் இந்தச் சந்தில் எந்த வீட்டுச் சிவப்புத்தாளும் அவர் கையால் எழுதியதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கோடும் முதுகை நிமிர்த்தி நிற்கும்.

பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

முதல் வீட்டு வாசலைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

தாள் புதுசு. எழுத்து கோணல். கோடுகள் நடக்கப் பழகும் குழந்தை மாதிரி தள்ளாடின. ஓர் எழுத்து வீங்கிக் கிடந்தது, அடுத்தது சூம்பிப் போயிருந்தது. மை ஓரிடத்தில் ஒழுகிக் காய்ந்திருந்தது.

அடுத்த வீட்டிலும் அதே கை. எதிர் வீட்டிலும்.

பள்ளிக்கூடப் பிள்ளை யாரையாவது பிடித்து எழுத வைத்திருக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் இதை ஒட்ட விட்டிருப்பாரா?

இருந்திருந்தால். அந்தச் சொல் மனசுக்குள் தானாக வந்து விழுந்திருந்தது.

கடைக்கு வெளியே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஷென் அத்தை நிமிர்ந்தாள்.

"அடியே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? எலும்பும் தோலுமா வந்திருக்கா பாரு! போ போ, உங்கம்மா காலையிலேர்ந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தே செத்தா."

உங்கம்மா. அம்மாவை மட்டும்தான் சொன்னாள்.

நிங்யா கால்வாய்ப் பக்கம் திரும்பினாள்.

கூரையடியில் உப்பிட்ட வாத்துகள் தொங்கின. படியைக் கழுவி விட்டிருந்தார்கள். கதவின் இரண்டு பக்கமும் வெறும் மரம். மேலேயும் வெறும் மரம். போன வருடத் தாளைச் சுரண்டி எடுத்த தடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

பெட்டியின் கைப்பிடி விரலிலிருந்து நழுவியது. அது கல்லில் சாய்ந்து விழுந்த சத்தத்துக்குக் கதவு திறந்தது.

"வந்துட்டா!" என்று உள்ளே திரும்பிக் கத்தினாள் அம்மா. "உங்க மக வந்துட்டா!"

உள்ளே யாரிடம் கத்துகிறாள்?

அம்மாவை ஒதுக்கிக்கொண்டு நிங்யா உள்ளே ஓடினாள்.

சாப்பாட்டு மேசை முழுக்கச் சிவப்புத்தாள். அதன் முன்னால், வலது கையை மடியில் ஒரு பொட்டலம் போல வைத்துக்கொண்டு, அப்பா உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூக்கில் மை.

தூரிகை இடது கையில் இருந்தது.

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மையும் கஞ்சியும் தைலமும் கலந்த வாசனை. சூடாக இருந்தார். போதும், அது போதும்.

"பேச்சு குழறுதுன்னு போன்ல வரமாட்டேன்னுட்டார்" என்றாள் அம்மா பின்னாலிருந்து, மூக்கை உறிஞ்சியபடி. "நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவியாம்."

அப்பா இடது முழங்கையால் மகளை மெல்லத் தள்ளினார். ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, வாயிலிருந்து எடுத்து வைத்தார்.

"தள்ளி... நில்லும்மா. ஈரம்... காயல."

நிங்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். கோடுகள் இன்னும் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்தன. ஆனால் எழுந்து நின்றிருந்தன.

"ஊரார் கதவுலதான்... எழுதிப் பழகினேன்" என்றார் அப்பா. பாதி முகத்தால் சிரித்தார். "இன்னிக்குத்தான்... நம்ம கதவுக்குத் தேறியிருக்கு."