முப்பத்திரண்டாவது கையெழுத்து

"துரோகி! இதுக்கு வேற பேரே கிடையாது."

சங்கச் செயலாளர் அந்த ஆணையை மேசைமேல் அடித்த வேகத்தில் டீ கப் துள்ளியது. உயர் அலுவலர்கள் மற்றும் அரசு வல்லுநர்கள் சங்கத்தின் அவசரக் கூட்டம். பெயர்தான் இவ்வளவு நீளம். அறை என்னவோ லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம். நாற்காலி கிடைக்காத இயக்குநர்கள் ஜன்னலோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினெட்டு வருஷம் நம்ம சங்கத்துல இருந்த மனுஷன் சார்! துறைத் தலைவர் நாற்காலி கிடைச்சு பத்து நாள் ஆகலை, முதல் ஆணையே நம்ம ஆளுக்கு எதிரா!"

"ஆறு கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி. அப்புறம் நீ யாரோ, நான் யாரோ" என்றார் மருத்துவ இயக்குநர்.

துரோகிப் பட்டம் வாங்கியவருக்குச் சங்கத்தில் ஏற்கெனவே ஒரு பட்டம் உண்டு. பூதக்கண்ணாடி. கோப்பில் ஒரு தேதி விட்டுப்போயிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

'நம்ம ஆள்' என்றது பாலப் பொறியாளரை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதுப் பாலத்துக்கு அந்த அம்மாவிடம் தகுதிச் சான்று கேட்டார்கள். கீழே இறங்கித் தூண்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பார்க்க விடவில்லை. அவரும் போடவில்லை. மறு வாரமே ஏழு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஒரு தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்தார்கள். மகள் இங்கே அப்பாவோடு இருக்கிறாள். அப்போது மூன்றாம் வகுப்பு, இப்போது ஏழாவது. மாதத்துக்கு ஒருமுறைதான் அம்மா முகம்.

திரும்பி வரக் கேட்டு அவர் கொடுத்த மனுவுக்கு நாலு வருஷமும் ஒரே பதில்தான்: 'பரிசீலனையில் உள்ளது.' நேற்று மாலை பூதக்கண்ணாடி அதை ஒரே பக்கத்தில் நிராகரித்துவிட்டார்.

"போன் பண்ணினேன், எடுக்கலை. சங்கத்தை விட்டே நீக்கிடுவோம். நாலு மணிக்குள்ள தீர்மானம் வெளிய போயாகணும்" என்றார் செயலாளர்.

தீர்மானம் கைக்குக் கை மாறியது. முப்பத்தொரு கையெழுத்து விழப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கோப்பு பார்ப்பதில் இத்தனை சுறுசுறுப்பை அவர்களிடம் யாரும் கண்டதில்லை.

அப்போதுதான் பொறியாளர் உள்ளே வந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை.

"வாங்க மேடம். உங்க கையெழுத்துதான் பாக்கி. பொண்ணைப் பாத்தீங்களா?"

"இல்ல சார். நேரா இங்கதான் வரேன். பூதக்கண்ணாடி சார் வந்துட்டாரு, அடுத்த மாசம் அம்மா வந்துடுவேன்னு போன்ல சொல்லிட்டேன். இப்ப எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

செயலாளர் பேனாவை நீட்டினார். "இதுல போடுங்க."

"ஆணையைக் குடுங்க சார். படிச்சிட்டுப் போடறேன்."

"கடைசி வரியில 'நிராகரிக்கப்படுகிறது'ன்னு இருக்கு. வேற என்ன மேடம் படிக்கணும்? மணி மூணே முக்கால்!"

"பழக்கமாயிடுச்சு சார்."

நின்றபடியே வேகமாகப் படித்தார். பிறகு செயலாளரின் காலி நாற்காலியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து மறுபடி படித்தார். அதற்குள் செயலாளர் கதவுக்கும் ஜன்னலுக்குமாக மூன்று நடை நடந்துவிட்டார்.

"சார், ஆணைன்னு ஒண்ணு கைக்கு வந்துட்டா தீர்ப்பாயத்துக்குப் போகலாம்ல?"

"போகலாம். 'பரிசீலனை'யை எதிர்த்துத்தான் போக முடியாது. ஆனா போய் என்ன பண்ணுவீங்க? அமைச்சர் ஆபீஸ் சொல்லித்தான் உங்களைத் தூக்குனாங்கன்னு ஊருக்கே தெரியும். காகிதத்துல இருக்கா? எந்தப் பைத்தியக்காரனாவது அதை எழுதி வைப்பானா?"

"எழுதியிருக்கார் சார்."

"என்னது?"

மூன்றாவது பத்தியைப் பொறியாளர் உரக்கப் படித்தார். "'மனுவை மறுக்க விதிகளில் எந்தக் காரணமும் இல்லை. அமைச்சர் அலுவலகம் தொலைபேசியில் இட்ட உத்தரவு ஒன்றே காரணம்.' போன் வந்த தேதி, நேரத்தைக்கூடப் போட்டிருக்கார். கீழே அவர் கையெழுத்து."

செயலாளர் அப்படியே மேசை விளிம்பில் உட்கார்ந்தார்.

"இந்த ஆணை தீர்ப்பாயத்துல ஒரு நாள் தாங்காதே! நீங்க இங்க வந்துடுவீங்க மேடம்." பிறகு குரலைத் தாழ்த்தினார்: "அவர் சீட்டும் தாங்காது."

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் மருத்துவ இயக்குநர்.

"சொல்லியிருந்தா நேத்தே அமைச்சர் காதுக்குப் போயிருக்கும். நம்ம லட்சணம் அவருக்குத் தெரியாதா?" என்றார் செயலாளர்.

பொறியாளர் தீர்மானத்தைக் கையில் எடுத்தார். "முப்பத்தொரு பேர் போட்டிருக்கீங்க. ஒருத்தராவது இந்த ஒரு பக்கத்தைப் படிச்சீங்களா?"

மருத்துவ இயக்குநருக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாகத் தெரிந்தது.

பொறியாளர் தீர்மானத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உறுப்பினருக்காகச் சங்கம் வக்கீல் வைக்கறதுக்கு ஒரு விண்ணப்பம் உண்டே, அதுல ஒண்ணு குடுங்க சார்."

"உங்க கேஸுக்கு வக்கீலே வேண்டாம் மேடம். இந்த ஒரு பக்கமே போதும்."

"எனக்கில்ல சார், அவருக்கு. இன்னும் நம்ம உறுப்பினர்தானே அவர்?"