முடிவு எழுதாத வகுப்பு

வகுப்பில் ஒருவர்கூடக் கதைக்கு முடிவு எழுதியிருக்கவில்லை.

"எல்லாரும் சொல்லி வச்சுக்கிட்டு வந்தீங்களா?" டீச்சர் நோட்டுகளை மேசையில் போட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் நோட்டுகளைப் பார்க்க வருவார். மானம் கப்பலேறப் போகிறது.

முந்தாநாள்தான் தொண்டைத் தண்ணீர் வற்ற வற்றச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கதைன்னா இடம் வேணும், ஆள் வேணும், சிக்கல் வேணும், முடிவு வேணும். உதாரணத்துக்கு ரொம்பத் தேடவில்லை. ஜன்னலில் தெரிந்த வாட்ச்மேனையே பிடித்துப் போட்டாள். இடம், பள்ளிக்கூட கேட். ஆள், வாட்ச்மேன். சிக்கல், அவர் தினமும் பட்டினி. யார் கேட்டாலும் சாப்பிட்டதாகப் பொய் சொல்கிறார். முடிவு மட்டும் இவர்கள் எழுத வேண்டும்.

"யாராவது வாயைத் திறங்க."

முதல் பெஞ்சு வாயாடி எழுந்தாள். "அவர்கிட்டயே போய்க் கேட்டோம் டீச்சர்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது நானா கட்டின கதைடி. அவர் என்ன சொன்னார்?"

"சாப்பிட்டேன்னார்."

"அப்புறம் என்ன?"

"கதையிலயும் அப்படித்தானே சொல்வார்?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவர் சாப்பாட்டுப் பையோட வர்றதை நானே தினம் பார்க்கறேன்."

"நேத்து காலைல கேட்டைத் திறக்கறப்ப அந்தப் பையை என்கிட்டதான் குடுத்தார். கனமே இல்ல டீச்சர். டப்பாக்குள்ள ஸ்பூன் மட்டும் உருண்டுது."

டீச்சர் ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாச்சா அண்ணா?" என்று தினமும் கேட்டுக்கொண்டே அந்த கேட்டைத் தாண்டுகிறவள்தான் டீச்சர். பதிலுக்கு ஒருநாளும் நின்றதில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"அதனால இன்னைக்குப் பெஞ்சுக்கு ஒருத்தர் கூடுதலா சாப்பாடு கொண்டு வந்திருக்கோம்."

"அவர் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"மிச்சம் கொண்டு போனா அம்மா அடிப்பாங்கன்னு சொல்லுவோம். அவர் மட்டும்தான் பொய் சொல்லணுமா?"

வராந்தாவில் ஹெட்மிஸ்ட்ரஸின் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சருக்கு இப்போது அந்தப் பயம் இல்லை.

"சரிம்மா. இவ்வளவு செஞ்சிருக்கீங்க, இதையே முடிவா எழுதியிருக்கலாமே?"

வாயாடி டீச்சரை விநோதமாகப் பார்த்தாள்.

"எப்படி டீச்சர் எழுதறது? அவர் இன்னும் சாப்பிடலையே."