சேதுராமனின் கோட்டு

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தையல் கடையில் மழை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் விழுகிறது. ரவிக்கைத் துணியோடு நான் வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். மேசையில் ஒரு வெள்ளைக் கோட்டு விரிந்து கிடக்கிறது. கம்பளையிலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மா அதன் காலரை நீவிக்கொண்டே இருக்கிறாள். "சேதுவோடது, நானா. நீங்க தச்சதுதான். இனி தங்கச்சி போடட்டும்." தையற்காரர் ஜமால்தீன் மெஷினை நிறுத்துகிறார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவள் மகன் சேதுராமனை மகாவலி ஆறு கொண்டுபோனது அவருக்கும் தெரியும். மகள் இராஜகுமாரி சுவரோரம் நிற்கிறாள். "நான் சட்டம் படிக்கப் போறேம்மா. எத்தன தடவ சொல்றது?" "டாக்டருக்குப் படிக்கவே பரீட்சையில புள்ளி இருக்குடி உனக்கு." "கொழும்புல கம்பெனி வக்கீலுக்கு நல்ல சம்பளம்மா." "சம்பளத்த யாரு கேட்டா?" "சட்டத்துக்குக் கறுப்புக் கோட்டுத்தானே, அதையும் நானே தச்சுத் தாறன்" என்று ஜமால்தீன் சிரிக்கப் பார்க்கிறார். யாரும் சிரிக்கவில்லை. தகரக் கூரையில் மழை இரைகிறது. இராஜகுமாரி கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். தோள்கள் சரிகின்றன. கோட்டுக் கைகள் அவள் விரல்களைத் தாண்டித் தொங்குகின்றன. ஜமால்தீன் சுண்ணக்கட்டியோடு குனிகிறார். "கையில எவ்வளவு குறைக்க?" "குறைக்காதீங்க நானா. வளந்துருவா." இராஜகுமாரிக்கு இருபது வயது. சுண்ணக்கட்டி அப்படியே நிற்கிறது. அம்மா குனிந்து, கோட்டுக் கையின் நுனியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொள்கிறாள். இராஜகுமாரியின் விரல்கள் அந்த இடம்வரை எட்டவில்லை.