நடு நாற்காலி

“இஸோபே, பயமா இருந்தா இப்பவே சொல்லிடு. பரீட்சையே வேணாம்னு விட்டுடலாம்” என்றார் ஹத்தோரி, அந்தக் காபிக்கடையே அதிரும்படி.

“யாருக்குடா பயம்? எனக்கா? போய் முதல்ல உன் காதைக் குடைஞ்சுட்டு வா!”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இஸோபேக்கு மட்டும் எரிச்சல். இந்த ஹத்தோரி கொஞ்ச நாளாக இவரிடம் பேசும்போது தொண்டை கிழியக் கத்துகிறார். பியானோ தொழிற்சாலையில் காலமெல்லாம் கூட வேலை பார்த்த மனிதராயிற்றே என்று பொறுத்துப் போனால், மரியாதையே தெரியவில்லை.

ஹமாமட்சு ஊரின் இசை ரசிகர் சங்கம் ஞாயிறுதோறும் மொச்சிசுகியின் காபிக்கடையில்தான் கூடும். உள்ளே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு நேர் எதிரே, நட்டநடுவில், ஒரே ஒரு தோல் நாற்காலி. இரண்டு பக்கத்து இசையும் வந்து கூடும் இடம் அது. சங்கத்திலேயே கூர்மையான காது யாருக்கோ அவருக்குத்தான் அந்த நாற்காலி. மற்றவர்களுக்குச் சுவரோரத்து பெஞ்சு. இருபது வருஷமாக அதில் உட்கார்ந்திருப்பவர் இஸோபே.

இந்த வருஷம்தான் முணுமுணுப்பு கிளம்பியது. சத்தத்தை ரொம்பக் கூட்டச் சொல்கிறார், பெஞ்சில் உட்கார முடியவில்லை என்றார்கள். கடைசியில் கடைக்காரர் மொச்சிசுகியே ஒரு வழி சொன்னார். ஸ்பீக்கருக்கென்று ஹத்தோரி ஒரு காரின் விலை கொடுத்து வாங்கிய வெள்ளிக் கேபிள் ஒன்று, தெருக்கோடிக் கடையில் வாங்கிய சாதாக் கேபிள் ஒன்று. திரைக்குப் பின்னால் இருந்து அவர் மாற்றி மாற்றிச் செருகுவார். இஸோபேயும், அவருக்கு அடுத்த காது என்று பேரெடுத்த ஹத்தோரியும் தனித்தனியாகப் பத்துத் தடவை கேட்டு, வெள்ளியா சாதாவா என்று சொல்ல வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு நாற்காலி.

இஸோபே மறுக்கவில்லை. மறுத்தால் சந்தேகம் வந்துவிடும். வசந்த காலத்திலிருந்தே அவருக்குப் பாட்டில் வரும் ஜால்ராவின் ஓசை கேட்பதில்லை. அடுப்பில் கெட்டில் விசிலடித்தால் மனைவி வந்து திட்டும்போதுதான் தெரிகிறது. ஏதோ யோசனையில் இருந்தேன் என்று சமாளித்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குப் பெயரே தங்கக் காது இஸோபே. அது போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரு கிழவன்தான் என்று அவருக்குப் பயம்.

முதலில் இஸோபே. ஹத்தோரியைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு ஆரம்பித்தார்கள். டிரம்பெட் முழங்கியது, நின்றது, மறுபடி முழங்கியது. எல்லாம் அவருக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. ஆனாலும் புருவத்தைச் சுருக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். “ம்ம்... வெள்ளி.” “இது சாதா. கேட்டாலே குமட்டுது.”

அடுத்தது ஹத்தோரி. அவர் புருவமும் சுருக்கவில்லை, தலையும் சாய்க்கவில்லை. இசை தொடங்கிய வேகத்திலேயே “வெள்ளி” என்றார். “சாதா” என்றார். பத்தையும் பட் பட்டென்று போட்டு உடைத்தார். இஸோபே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போச்சு, நாற்காலி போச்சு, மானமும் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

மொச்சிசுகி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

“இஸோபே, பத்துக்கு அஞ்சு. ஹத்தோரி... பத்துக்கு முட்டை!”

கடையே கொல்லென்று சிரித்தது. ஹத்தோரி தலையைச் சொறிந்தபடி எழுந்தார்.

“தோத்துட்டேன்பா. உட்காரு, உன் நாற்காலி.”

“இனிமே கேபிள் எல்லாம் வாங்காதடா! அந்தக் காசுக்கு நல்ல காது மருந்தா வாங்கி ஊத்திக்க!” என்றார் இஸோபே. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். “தங்கம் எங்கயாவது துருப்பிடிக்குமா?” என்று கேட்டதற்கு ஆளாளுக்குக் கை தட்டினார்கள்.

வீடு திரும்பும்போது தெருவே தன்னைத் திரும்பிப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. வாட்டிய விலாங்கு மீன் வைத்த சோற்றுப் பெட்டி இரண்டு வாங்கிக்கொண்டார், கடையிலேயே உசத்தியானது.

மனைவி யாசுயோ பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைப் பார்த்ததும் கண்ணை விரித்தார்.

“என்னங்க இது, புதையலா கிடைச்சது?”

“புதையல் என்னடி புதையல்! பத்துக்கு அஞ்சு வாங்கி ஜெயிச்சுட்டு வந்திருக்கேன். அந்த ஹத்தோரி எவ்வளவு தெரியுமா? முட்டை!”

“ஒண்ணுகூடவா சரியா சொல்லலை?”

“ஒண்ணுகூட இல்லை. வெள்ளியைச் சாதாங்கறான், சாதாவை வெள்ளிங்கறான். அதையும் ஒரு நொடி யோசிக்காம சொல்றான். சரியான செவிட்டுப் பய!”

யாசுயோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

“என்னங்க, காலமெல்லாம் ‘சரியா, தவறா’ கேள்வித்தாள் திருத்தினவ நான். ஒண்ணுமே தெரியாத பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு எழுதினாலே பாதி சரியா வந்துடும். பத்தையும் தப்பா எழுதணும்னா, பத்துக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்.”