நாக்கின் அடியில்

அம்மா அந்த வெள்ளி டப்பாவைத் திறந்து, புது மாத்திரைகளை அதில் கொட்டப் போனாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி இது, கை வலிக்குது!"

அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரைதான் இப்போது அம்மாவுக்கும். நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில்தான் இருதய டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

டப்பா அப்பாவுடையது. ஐந்து வருடம் அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவே இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நாளெல்லாம் குனிந்தே இருப்பார். நிமிரும்போதெல்லாம் பையைத் தட்டிப் பார்த்து, "உசுரு பத்திரமா இருக்கு" என்பார். அவர் மாடிப்படி ஏறினால் மாத்திரைகள் கலகலக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன்.

நான் ஆராய்ச்சியில் சேர்ந்த புதிது. "என் பொண்ணு செல்லுல வேலை பாக்குறா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்று அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

என் வேலை நைட்ரிக் ஆக்ஸைடோடு. அது ஒரு வாயு. ஆயுள் சில விநாடிதான். ஒரு செல்லில் பிறந்து, அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லிவிட்டுக் காணாமல் போய்விடும். கொஞ்சமாக இருந்தால் ரத்தக்குழாயைத் தளர்த்தி உயிரைக் காப்பாற்றும். அளவு கூடினால் அதே வாயு செல்லைச் சாகடித்துவிடும்.

இதை அப்பாவிடம் விளக்கினேன். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு. இதுக்கு எதுக்கு மைக்ராஸ்கோப்?" என்றார்.

அவர் மாத்திரை உடம்புக்குள் போய் அந்த வாயுவாகத்தான் மாறுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாங்கிய கண்ணாடிப் பாட்டிலை விட்டு வெளியே எடுத்து வைத்தால் அதன் வீரியம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்பது போன மாதம்தான், ஏதோ கட்டுரைக்காகப் படிக்கும்போது கண்ணில் பட்டது. ஆய்வகத்தில் என் மருந்துக்கு வெளிச்சம் படாமல் தாள் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டவள் நான். வீட்டு மாத்திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி நாளில் அப்பா மூன்று மாத்திரை போட்டார். வலி நிற்கவில்லை. நேரத்துக்குப் போட்டும் ஏன் கேட்கவில்லை என்று ஏழு வருடமாக அம்மா புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

மாதாமாதம் பாட்டிலிலிருந்து டப்பாவுக்கு மாற்றி வைத்தது அவள் கைதான். காரணம் தெரிந்தால் தாங்க மாட்டாள். பாட்டிலிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லலாம்தான். ஆனால் அம்மா விவரமானவள். அப்பா விஷயத்தை உடனே பிடித்துக்கொள்வாள். பேசாமல் விட்டாலோ, நாளைக்கு அவள் நாக்கின் அடியிலும் வெறும் சுண்ணாம்புதான் இருக்கும்.

அதனால் பேராசைக்காரி மாதிரிக் கையை நீட்டினேன்.

"அப்பா ஞாபகமா இந்த டப்பா எனக்கு வேணும்மா. குடுத்துடேன்."

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். கண் கலங்கியது. டப்பாவைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எடுத்துக்க, உன் முதல் சம்பளத்துல வாங்கினதுதானே. மருந்துக்கடைக்காரர் பாட்டில்லயே வைக்கச் சொன்னாருன்னு நான்தான் பயந்தேன். நீ கேட்டியா? 'எனக்குத் தெரியாததா அவருக்குத் தெரிஞ்சிடப் போகுது'ன்னு சிரிச்சுக்கிட்டே நீயே கொட்டிக் குடுத்த. அப்புறம் நானும் பயத்த விட்டுட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னாள்.