புதுத் தந்தி

"என் வயலினை எதுக்கு சார் அவகிட்ட கொடுத்தீங்க?"

வயலின் கடைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக 'குட்டை' போட்ட சத்தத்தில், கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த வில்லைக் கீழே போட்டுவிட்டார்.

'நெட்டை' அப்படியே நின்றாள். அவள் தோளில் குட்டையின் வயலின்.

"சும்மா... எப்படி இருக்குன்னு பார்த்தேன்" என்று முனகியபடி வயலினை மேசைமேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

"நல்லாப் பார்த்தா! நாளைக்குத் தேர்வுல எனக்குப் போட்டியே அவதான். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சே கொடுத்தீங்களா?"

குட்டையின் ஆத்திரத்திலும் நியாயம் இருந்தது. இசைக்குழுவில் இருவரும் எட்டு வருஷமாக ஒரே இசைத்தாள் ஸ்டாண்டைப் பார்த்து வாசிப்பவர்கள். அதை ஒருத்தி உயர்த்துவாள், ஒருத்தி இறக்குவாள். தினமும் இதே சண்டை. நெட்டை, குட்டை என்று பெயர்கள் வந்த கதை அதுதான். இருவருமே தற்காலிகம். இப்போது முன்வரிசையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலி; அதற்குத்தான் நாளைக்குத் தேர்வு.

போன வருஷத் தேர்வில் குட்டையிடம், "சுருதி சுத்தம், தாளம் சுத்தம். நாதத்துலதான் கதகதப்பு இல்லையேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை வருஷம் பூராவும் அவளைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் திங்கட்கிழமை இந்தக் கடைக்கு வந்தாள். அவள் வாசித்துக் காட்டியதைக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உங்க வயலினுக்குப் பிறவியிலேயே கீச்சுக் குரல். இதுல இரும்புத் தந்தி போட்டா ஊரையே கூட்டிடும். உள்ளே மெத்துனு நூல் வெச்ச தந்தி ரகம் ஒண்ணு இருக்கு, கேளுங்க."

அந்த ரகம் மாட்டியிருந்த தன் சொந்த வயலினை எடுத்துக் கொடுத்தார். அடித்தந்தியில் வில் பட்டதுமே குட்டைக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

"இதையே போடுங்க சார். நீங்க நல்லா இருக்கணும்!"

அவர் தந்தியை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. கணவரோ வெளியூரில். வயலினைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

நாலு நாள் ஆஸ்பத்திரிதான் வீடு. இன்றைக்கு மாமியாரே அவளை விரட்டினார்.

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நான் எங்கடி ஓடிடப் போறேன்? போய் உன் வயலினை எடுத்துட்டு வா!"

அரக்கப் பரக்க வந்தவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த காட்சிதான் அது.

"கத்தி முடிச்சாச்சா?" என்றார் கடைக்காரர். "இப்ப வாசிங்க."

வயலினைத் தோளில் வைத்து வில்லை இழுத்தாள்.

அவளுடைய வயலினா இது! கீச்சுக் குரல் போன இடம் தெரியவில்லை. அன்றைக்குக் கேட்ட அதே கதகதப்பு. கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"திங்கட்கிழமை இதே தந்தி எப்படி இருந்துச்சு தெரியுமா? தகரத்தைச் சுரண்டுற மாதிரி. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சுருதி இறங்கிடும். புதுத் தந்தியை நாலு நாள் விடாம வாசிச்சுப் பழக்கணும்மா. அப்பதான் வாய் திறக்கும். இல்லைன்னா நாளைக்கு மேடையில உங்க மானம் போயிருக்கும்."

"நீங்க வாசிச்சிருக்கலாமே..."

"என் தோள்பட்டை வேலைநிறுத்தம் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். வில்லுல தடவுற ரோசின் கட்டி வாங்க வந்த அந்தப் பொண்ணு உங்க வயலினைப் பார்த்துட்டு என்னன்னு கேட்டுச்சு, சொன்னேன். அன்னையிலேருந்து ஒத்திகை முடிஞ்சா நேரா இங்கதான். தினம் மூணு மணி நேரம். உங்ககிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னு சத்தியம் வேற. நீங்க போட்ட சத்தத்துல அந்தச் சத்தியமெல்லாம் பறந்துடுச்சு."

குட்டைக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வயலினை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாப்பில் நெட்டை தனியாக நின்றிருந்தாள். குட்டை அவள் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். நாலு விரல் நுனியிலும் தந்தி பதிந்து கன்றியிருந்தது.

"நான் ஒரு மடச்சிடி. வாய்க்கு வந்தபடி கத்திட்டேன்."

"விடு. புதுசா கத்துறியா என்ன?"

"கூடப் பிறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டாடி. இந்த நன்றியை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்." குட்டைக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அய்ய, ரோட்டுல அழாதே. நான்தான் அடிச்சேன்னு நினைக்கப் போறாங்க."

"ஏன்டி, உனக்கு அந்த இடம் வேணாமா?"

"வேணாமாவா? எட்டு வருஷமா அதுக்குத்தானே காத்துக் கிடக்கிறேன்! நாளைக்கு உன்னை ஒரு கை பார்க்கத்தான் போறேன்."

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி நெட்டை திரும்பினாள்.

"ஆனா, உன் மாமியார் வழுக்கி விழுந்ததால நான் ஜெயிச்சேன்னு இருக்கக் கூடாது பாரு!"