லேட்டாக வந்த ஆள்

"காதைக் காட்டு."

பிரேமலா முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

"மின்னுதே, என்ன அது?"

"தோடு, மேடம்."

"கழட்டு."

கஸ்தூரி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அடகுக் கடையில கூட இப்படிப் பார்க்க மாட்டாங்க லா," என்றாள் பிரேமலா.

வரிசை சிரித்தது. கஸ்தூரி சிரிக்கவில்லை.

கூலாயில் உள்ள அந்தத் தனியார் கல்லூரியில் பரீட்சைக் கண்காணிப்பாளரான அவருக்கு 'ஸ்கேனர்' என்று பெயர். போன வருஷம் ஒரு பையன் சட்டைப் பொத்தானில் கேமரா வைத்துக்கொண்டு, வெளியே இருந்த கூட்டாளியிடம் காது வழியாகப் பதில் வாங்கினான். அதிலிருந்து போன், வாட்ச் எல்லாம் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய்விட வேண்டும். முதலில் விழுவது கஸ்தூரியின் சொந்தப் போன்தான்.

"அடுத்து."

ரூபேந்திரன் வந்தான். லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து வருகிறவன். பாதி நாள் ஃபேக்டரி, பாதி நாள் படிப்பு.

"மேடம், போனை மட்டும் பாக்கெட்ல வெச்சுக்கிறேனே. சைலண்ட்ல போட்டுர்றேன்."

"எதுக்கு?"

"என் சம்சாரம் தேன்மொழிக்கு வலி எடுத்துருச்சு மேடம். குளுவாங் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். முதல் பிள்ளை."

"அப்ப நீ ஏன் இங்க நிக்கிற?"

"அவதான் விரட்டி விட்டா மேடம். கடைசி பேப்பர், இதை விட்டா இன்னொரு செமஸ்டர் உட்காரணும். 'நீ இங்க நின்னா, நீயா பெக்கப் போறே? போய் எழுது'ன்னுட்டா. மாமியார் கூப்பிடுவாங்க. வைப்ரேட் ஆனா போதும், நான் எடுக்கவே மாட்டேன்."

"வைப்ரேட்லதான் இப்ப பதிலே அனுப்புறாங்க. ஒரு தடவை அதிர்ந்தா ஏ. ரெண்டு தடவை அதிர்ந்தா பி. குடு."

அவன் பெட்டியில் போடப் போனான்.

"அங்க இல்ல. என் கையில. லாக்கை எடுத்துட்டுக் குடு."

வரிசையில் சலசலப்பு. "அலமாக், உள்ளே என்ன இருக்குன்னு நோண்டப் போறாங்க!" "பிரசவம்னு சொல்லியும் மனசு இறங்கலயே. கல்லு லா அது."

கஸ்தூரி காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி செல்லப்பனைக் கூப்பிட்டு, அந்தப் போனை மட்டும் தனியாக அவரிடம் கொடுத்து அனுப்பினார். ரூபேந்திரன் முகம் சுண்டிப்போனது.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்ததும் கஸ்தூரி சொன்னார்: "அரை மணி நேரம் கழிச்சு யார் வந்தாலும் உள்ளே விட மாட்டேன். வெளியிலிருந்து ஒரு வார்த்தை உள்ளே வரக் கூடாது. எழுத ஆரம்பிச்சுட்டா நானும் உங்ககிட்டப் பேச மாட்டேன். சட்டம் எனக்கும் சேர்த்துதான்."

பிறகு, எல்லாப் பரீட்சையிலும் எழுதுவதுபோல வெள்ளைப் பலகையில் மலாயில் எழுதினார். ஹாடிர், அதாவது வந்திருப்பவர்கள். லெலாகி 11. பெரம்புவான் 17. ஆண்கள் பதினொன்று, பெண்கள் பதினேழு.

ரூபேந்திரன் முதல் கேள்வியைப் படித்தான். ஒன்றும் ஏறவில்லை. மறுபடி படித்தான். விடைத்தாளில் தன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தேன்மொழி என்று எழுதியிருந்ததைப் பார்த்து அடித்துத் திருத்தினான். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரை மணி நேரம் தாண்டி வெகுநேரமாகிவிட்டது. அவன் தாளில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. செல்லப்பன் தலையை மட்டும் நீட்டி, கஸ்தூரியின் காதில் ஏதோ சொன்னார்.

கஸ்தூரி திரும்பி நேராக ரூபேந்திரனைப் பார்த்தார்.

மொத்த அறையும் எழுதுவதை நிறுத்தியது. 'மாட்டிக்கிட்டான். போன்ல ஏதோ இருந்திருக்கு,' என்று பிரேமலா நினைத்தாள்.

கஸ்தூரி அவன் பக்கம் வரவில்லை. பலகைக்குப் போனார். பெரம்புவான் 17 என்பதை அழித்தார். 18 என்று எழுதினார். நன்றாகப் பெரிதாக, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி.

ரூபேந்திரன் பின்னால் திரும்பிப் பார்த்தான். கதவு மூடியிருந்தது. புதிதாக எந்தப் பெண்ணும் வரவில்லை. காலி நாற்காலிகள் அப்படியே இருந்தன. குழப்பத்தோடு கஸ்தூரியைப் பார்த்தான். அவர் பலகையை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

பேனா கீழே உருண்டது. ரூபேந்திரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

கஸ்தூரி குனிந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். தாளை விரலால் சுட்டிக் காட்டினார். ம், எழுது.

எழுதினான். அப்படி ஒரு வேகம். இரண்டு தடவை கையைத் தூக்கிக் கூடுதல் தாள் கேட்டான்.

பரீட்சை முடிந்ததும் தேர்வு அதிகாரி அந்தோனிப்பிள்ளை வந்து விடைத்தாள்களை எண்ணினார். பலகையைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"என்ன கஸ்தூரி, பேப்பர் இருபத்தெட்டுத்தான் இருக்கு. பலகையில பொம்பளைப் பிள்ளை ஒண்ணு கூட இருக்கே. லேட்டா வந்தா யாரையும் உள்ள விட மாட்டீங்களே, இது யாரு?"

கஸ்தூரி துடைப்பானை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"ரூபேந்திரன் மகள், சார். குளுவாங் ஆஸ்பத்திரியில இருக்கா. நல்லா சோதிச்சுப் பார்த்துட்டாங்களாம், கையில போன் எதுவும் இல்ல."